அத்தையின் குரலை மாற்றித் தருவது பற்றி

திருக்கோகர்ணம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகள் இந்துமதிக்கு, மாமா விஸ்வநாதன் ஆசிகளுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சென்னையில் சுகமாயிருக்கப் பிரகதாம்பாள் அருளட்டும். இங்கே உன் அத்தை பரிமளா சுகம். என் சுகத்தைத்தான் உன் கைபேசிச் செயலி ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறதே, நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

பொங்கலுக்கு வந்தபோது, சர்க்கரை நோயாளிகளுக்காக உன் கம்பெனி ஒரு செயலி செய்கிறது, பயன்படுத்துகிறவரைக் கேட்டுத்தான் செய்வோம் என்று என்னை உட்கார வைத்துக் கேட்டாய். இந்த வீட்டில் என் பேச்சை யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்பதால் நானும் மனம்விட்டுச் சொன்னேன். எழுத்து பெரிதாக வேண்டும், காது மந்தம், சத்தமாகப் பேச வேண்டும், பரிமளா சொன்னால்தான் மாத்திரை போடுவேன் என்றேன். நீ அவள் குரலையே பதிந்து உள்ளே வைத்துவிட்டாய். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அரசாங்க வேலையில் இருந்தவன்.

டவுன் பஸ்ஸில் போனால் சட்டைப் பைக்குள்ளிருந்து "என்னங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று அத்தை கேட்கிறாள், கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து வைத்துக்கொண்டு அந்த அம்மாவைத் தேடுகிறார். கோயிலில் தீபாராதனை நேரத்தில் "பாதத்துல புண்ணு இருக்கான்னு பாருங்க" என்றது; முன்னால் நின்றவர்கள் எல்லாம் குனிந்து தங்கள் பாதத்தைப் பார்த்தார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது, உன் அத்தை என்னைக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். கேட்டால், "அதான் அது சொல்லுதுல்ல" என்று டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் நாச்சியப்பனோடு நார்த்தாமலைக்குப் போனேன். சர்க்கரை குறைவாயிருந்தால் திரை பச்சையாகிறதே, அந்தப் பச்சைக்கு ஆசைப்பட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். விஜயாலய சோழீஸ்வரத்துக்கு ஏறும் பாறையில் பாதி வழியில் வேர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. சர்க்கரையை அளக்கவென்று புஜத்தில் நீ ஒட்டிய வில்லை எப்படியோ கண்டுபிடித்திருக்கிறது. "என்னங்க, சர்க்கரை எறங்கிருச்சு. ஒடனே இனிப்பா எதாச்சும் சாப்பிடுங்க" என்றது அத்தையின் குரல். எனக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் சொல்லாத வார்த்தை. செயலி கெட்டுப்போய்விட்டது, அல்லது என்னைச் சோதிக்கிறது என்று முடிவு செய்தேன். நாச்சியப்பன் தன் பையிலிருந்து சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாற்றை நீட்டினார். பரிமளாவைக் கேட்காமல் குடிக்க மாட்டேன் என்று பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் அவளே போன் பண்ணினாள். உன் செயலி அவளுக்கும் தகவல் அனுப்பியிருக்கிறது. அதுதான் இனிப்புச் சாப்பிடச் சொல்கிறது, நீ சொல்லவில்லையே என்றேன்.

"ஏங்க, அதுவும் நான் சொன்ன மாதிரிதாங்க. மொதல்ல குடிங்க."

குரல் நடுங்கியது. செயலியின் குரல் நடுங்காது. அசல் எது என்று அப்போதுதான் தெரிந்தது. குடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் இட்லி வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மறுபடியும் டிவி.

ஆகவே அம்மா, உடனே அந்தக் குரலை எடுத்துவிடு. ஒரு வீட்டுக்கு ஒரு பரிமளா போதும். ரயில் அறிவிப்புக்காரரின் குரல் ஆனாலும் சரி. அது வாயை மூடினால் இவள் வாயைத் திறப்பாள்.

நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, எந்த வில்லையும் ஒட்டிக்கொள்ளாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமா விஸ்வநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் திருச்சியிலிருந்து போன் வந்தது. அத்தையின் தம்பி மனைவிக்கு ஆபரேஷனாம். உன் அத்தை கிளம்பிப் போய்விட்டாள், எப்போது திரும்புவாள் என்று தெரியவில்லை. குரலை மாற்ற வேண்டாம். மாற்றத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடு. இன்று காலை மாத்திரை போட்டீங்களா என்று கேட்டது. போட்டுவிட்டேன்தான். இல்லை என்று அழுத்தினேன். மறுபடியும் கேட்டது.