சாவடியில வெட்டின ராஜா தலை

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. வில்லியனூர்லேர்ந்து ஒரு புத்தகத்த பாகூருக்குக் கொண்டுபோய்ச் சேக்கணும்.

நான் சரித்திர வாத்தியார். பிரெஞ்சுப் பாடத்துல இருக்கறபடியே 'நம்ம முன்னோரெல்லாம் மஞ்சத் தலமுடிக்காரங்க'ன்னு கருத்த பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தி பிரெஞ்சு சர்க்கார்கிட்ட சம்பளம் வாங்கறவன். அந்த வெக்கம் தாங்காமத்தான் பிரெஞ்சுப் புரட்சி பத்தின அந்தப் புத்தகத்தக் கையில எடுத்தேன். படிச்ச சூட்டோட கூலிக்காரங்க சங்கத்துல சேந்துட்டேன். பாகூர்ல அறுப்புக் கூலி ஒசத்திக் கேட்டுப் போராடப்போறவங்களுக்கு அன்னிக்குச் சாயங்காலம் அத வாசிச்சுக் காட்டறதா வாக்கு வேற குடுத்திருந்தேன்.

ரெண்டும் பிரெஞ்சு ஊருதான். ஆனா நடுவுல கொஞ்சம் இங்கிலீஷ்காரன் மண்ணு. அங்க ஒரு சுங்கச்சாவடி. இந்த மாதிரி புத்தகம் கண்ணுல பட்டா பிடுங்கிக்குவாங்க.

அதனால புத்தகத்த வயித்தோட வச்சு, துண்டால கட்டி, மேல சட்டையப் போட்டுக்கிட்டேன். என் மூளைய நானே மெச்சிக்கிட்டேன்.

சாவடியில எனக்குப் பின்னால எங்க தெரு அஞ்சல, தலையில வரட்டிக் கூடையோட நின்னா. கூடவே அவ கூட்டாளிப் பொம்பளைங்க, ஆளுக்கொரு கூடையோட.

சிப்பாய் என் வயித்தத் தட்டிப் பாத்தான். "இன்னா வாத்தியாரே, போன வாரம் ஒட்டிப்போய்க் கெடந்துச்சு?"

புத்தகம் வெளிய வந்துச்சு.

"இன்னாது, கதப் பொஸ்தகமா?"

ஆமான்னு சொல்லியிருந்தா விட்டிருப்பான். என் வாய்க்குத்தான் அது வராதே. "கதையா? ராஜா தலையவே வெட்டின சரித்திரம்யா இது"ன்னேன்.

"ராஜா தலையவா? யாரு வெட்டுனது?"

பள்ளிக்கூடத்துல இப்டி ஒருத்தன்கூட என்னக் கேட்டதில்ல. ரொட்டி விலையில ஆரம்பிச்சேன். கோட்டைய இடிச்சேன். சாவடிக்குப் பெரியவரு ஜமேதார், அவரும் பொயலை மெல்லறத நிறுத்திட்டு வந்து நின்னாரு. ராஜாவ மேடையேத்தித் தலைய வெட்டினப்ப சாவடியே வாயப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் ஜமேதார் புத்தகத்த அலமாரியில வச்சுப் பூட்டினாரு. "ராஜா தலைய வெட்டுற சமாச்சாரம்னு நீங்களே சொல்லிட்டீங்க. இத எப்டி வுடறது?"

எனக்கு அழுகையே வந்துடுச்சு. வெறுங்கையோட பாகூர்க்காரங்க மூஞ்சில எப்டி முழிக்கறது?

கொஞ்ச தூரம் தாண்டி, புளியமரத்தடியில அஞ்சல கூடையப் பிரிச்சுக்கிட்டிருந்தா. வரட்டிக்கு அடியில பளபளன்னு, சுங்கம் கட்டாத பிரான்சுப் பட்டு. நான் புரட்சி பண்ணிக்கிட்டிருந்த நேரத்துல ஒரு கூடையக்கூட எவனும் தொடலியாம்.

"பொஸ்தகம் போயிடுச்சு அஞ்சல."

"போனா போவுது. அதான் மனப்பாடமா வச்சினு இருக்கீங்களே, அங்கயும் வாயாலயே சொல்லுங்க." கூடையத் தலையில தூக்கி வச்சுக்கிட்டா. "அடுத்த வாரமும் வந்து ராஜா தலைய வெட்டுங்க வாத்தியாரே. கொஞ்சம் மெதுவா வெட்டுங்க. அன்னிக்கு வண்டி கட்டினு வரோம்."