இருநூறும் நூற்றைம்பதும்

படகின் பின்பலகையில் இரண்டு மோட்டார்கள் தொங்கின. இடப்பக்கம் நூற்றைம்பது குதிரைசக்தி, வலப்பக்கம் இருநூறு. கடைக்காரர் ஒருநாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தவை.

"தனித்தனியா ஓட்டியிருக்கலாம்ல?" என்றார் படகோட்டி.

"ஒண்ணு காத்துல ஓடும், இன்னொண்ணு காத்தில்லாம ஓடும். அப்புறம் எப்படி மாமா ஒப்பிடறது? ஒரே படகு, ஒரே தண்ணி, ஒரே நேரம். அதான் நியாயம்," என்றான் அவர் மனைவியின் தம்பி. கையில் கோடு போட்ட நோட்டு, காதில் பென்சில்.

இரவு வேலை முடிந்த ஆஸ்பத்திரி ஆட்களை இனி யார் அக்கரைக்கு ஏற்றிச் செல்வது என்று தலைமை நர்ஸ் இன்று சொல்லப்போகிறார். போட்டிக்கு ஒரு வேகப் படகு வந்துவிட்டது. பழைய நாற்பது குதிரைசக்தி மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழுதால் பிழைப்பு போய்விடும். நான்கு நர்சுகளோடு ஏறிய தலைமை நர்சுக்கு, வழக்கம்போல் ஒரு மிதவைச் சட்டையைத் தலையணையாகச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, கடவுளை வேண்டிக்கொண்டு படகோட்டி கிளப்பினார்.

பின்பக்கம் அமுங்கி, தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது.

"எல்லாரும் முன்னாடி போங்க!"

போனார்கள். படகு சீறிப் பாய்ந்து, இடப்பக்கம் திரும்பியது. மேலும் திரும்பியது. கிளம்பிய படித்துறையே எதிரே வந்தது.

"இருநூறு ஜெயிச்சிருச்சு!" மைத்துனன் எழுதினான்.

"டேய், சுத்திக்கிட்டே இருக்கோம்டா!"

"அப்ப இருநூறைக் கொஞ்சம் குறைங்க."

குறைத்ததும் படகு நேராகப் போனது. மைத்துனன் முகம் சுருங்கியது. "ரெண்டும் சமமா ஓடுதே. இப்ப நான் என்னத்தை எழுதறது?"

"குறைச்சா சமமாத்தான்டா ஓடும்!"

"முழுசா முடுக்குங்க மாமா. வலப்பக்கம் நங்கூரத்தைத் தொங்கவிட்டுச் சரிபண்றேன்."

வேண்டாம் என்பதற்குள் நங்கூரம் போய்விட்டது. அது கிளப்பிய தண்ணீரில் தலைமை நர்ஸ் தொப்பலாக நனைந்தார். கயிறு முதலில் இருநூறின் விசிறியில் சுற்றியது. பிறகு பாரபட்சம் பார்க்காமல் நூற்றைம்பதிலும் சுற்றியது. இரண்டும் நின்றன.

"நிக்கறதுல ரெண்டும் ஒண்ணு," என்று மைத்துனன் குறித்துக்கொண்டான்.

படகோட்டி நோட்டைப் பிடுங்கி, அவன் கையில் ஒரு துடுப்பைத் திணித்தார். தன் உலர்ந்த துண்டைத் தலைமை நர்சிடம் நீட்டினார். "மன்னிச்சுக்குங்கம்மா."

அவர் துண்டை வாங்கிப் போர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போச்சு, எல்லாம் போச்சு. இருபது நிமிடப் பயணம் ஒரு மணி நேரமாக நீண்டது. திரும்பிப் பார்க்கப் பயந்து படகோட்டி இன்னொரு துடுப்பை வலித்துக்கொண்டே இருந்தார்.

அக்கரையில் நான்கு நர்சுகளும் இறங்கினார்கள். தலைமை நர்ஸ் மட்டும் அசையவில்லை.

"அம்மா... கரை வந்துருச்சு."

அவர் கண்ணைக் கசக்கினார். "அதுக்குள்ளயா? அந்த வேகப் படகுக்காரன் கண்ணை மூடறதுக்குள்ள இறக்கிவிட்டுடறான், வீட்டுக்குப் போனா பிள்ளைங்க தூங்கவிடாது, அதனாலதான் தம்பி, நேத்தே உங்க படகுதான்னு எழுதிக் கொடுத்துட்டேன்!"