ஸ்டார் அண்ணாச்சியும் திறக்காத பக்கமும்

கோவில்பட்டியில் மழைக்காகக் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறப்பதற்காக அவர்கள் எல்லோரையும்விட அதிகமாகக் காத்திருந்தவர் ஒருவர்தான். எங்கள் ஸ்டார் அண்ணாச்சி.

அந்தப் பெயருக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமில்லை. டிராக்டர் வாடகைக்கு விடும் ஆபீஸில் போன் எடுக்கிற வேலைக்கு நான் சேர்ந்தபோது, எந்த வண்டி எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர். செய்யவேண்டிய எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக, வரிக்கு ஒன்றாக டைப் செய்து வைப்பார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. குளத்தூருக்கு விதைக்கிற மெஷின் அனுப்புவதற்கும் ஒரு நட்சத்திரம், நகம் வெட்டுவதற்கும் ஒரு நட்சத்திரம். காலையில் ஒரு பொத்தானைத் தட்டினால் கம்ப்யூட்டர் அவருடைய அத்தனை கோப்புகளையும் துழாவி, உள்ள வேலைகளை நாள்வாரியாக ஒரே பக்கத்தில் திரட்டிக் கொடுக்கும்.

கொடுக்கும் என்பது உண்மைதான். எப்போது என்பதுதான் கேள்வி. தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய், கடைக்காரரோடு அரசியல் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்பி வந்தாலும் திரை அப்படியே நிற்கும்.

“அண்ணாச்சி, செத்துப் போச்சோ?” என்பேன்.

“இல்லம்மா, யோசிக்குது. அப்படி என்னத்த யோசிக்குதுன்னுதான் எனக்கும் தெரியணும்.”

அவருக்கு எரிச்சலே வராது. பழுதான எதைக் கண்டாலும் முகம் மலர்ந்துவிடும். ஒருமுறை ஆபீஸ் மின்விசிறி கிரீச்சிட்டது. எந்த இடத்துக்கு வரும்போது கிரீச்சிடுகிறது என்று கண்டுபிடிக்கத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். அப்போது உள்ளே வந்த விவசாயி ஒருவர், மயக்கம்போல என்று பதறி சோடா வாங்கிவந்தார். அண்ணாச்சி படுத்தபடியே சோடாவைக் குடித்துக்கொண்டு விசிறியைப் பார்த்தார்.

முதலாளிக்கு அந்தப் பொறுமை கிடையாது. “மழை பெய்யட்டும். அன்னைக்கும் இது இப்படி நின்னுச்சுன்னா, தூக்கிப் போட்டுட்டு வேற ஆப் வாங்கிருவேன்” என்று சொல்லிவைத்திருந்தார்.

மழை பெய்தது. கரிசல் காட்டில் மழை விட்ட கையோடு டிராக்டரை இறக்க முடியாது. சக்கரம் முழுக்க மண் அப்பிக்கொள்ளும். மண் பதத்துக்கு வரவேண்டும். வந்துவிட்டால், காய்வதற்குள் விதைத்தாகவேண்டும். அந்தப் பதம் எல்லோர் காட்டுக்கும் ஒரே நேரத்தில்தான் வந்து தொலையும். பதம் வந்த அன்று போனைக் கீழே வைக்க முடியவில்லை. பசுவந்தனையிலிருந்து பேச்சியம்மாக்கா பேசினார். உளுந்து விதையோடு காட்டில் நிற்கிறாராம்.

“எனக்குள்ள மெஷின் எங்கன நிக்குது தங்கச்சி?”

“இந்தா, பாத்துச் சொல்லுதேங்க்கா.”

அண்ணாச்சி பொத்தானைத் தட்டினார். திரை யோசித்தது. எப்போதும்வென்றான் ஊரில் வேலையை முடித்த டிரைவர், அடுத்து எங்கே என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, பக்கத்துக் காட்டுக்காரர் கூப்பிட்டதும் அங்கே இறங்கிவிட்டார். அந்த வண்டிதான் அடுத்துப் பசுவந்தனைக்குப் போகவேண்டியது என்று பக்கம் திறந்து தெரிந்தபோது, பேச்சியம்மாக்காவின் முறை கைவிட்டுப் போயிருந்தது.

“நாளைக்கு வெயில் அடிச்சா என் காடு காஞ்சிரும்லா” என்றார் அவர். சத்தம்கூடப் போடவில்லை. போனை வைத்துவிட்டார்.

அண்ணாச்சி அன்று மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. முதலாளி “அந்த ஆப்பு...” என்று ஆரம்பித்தார்.

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. ஏன்னு தெரியாம இத விட்டா எனக்கு உறக்கம் வராது.”

முடிந்துபோன பழைய வேலைகளைத் தனிக் கோப்புக்குத் தள்ளினார். கொஞ்சம் வேகம் வந்தது. அதுவரை மாதம் முழுவதற்குமான வேலைகளைத் திரட்டிக்கொண்டிருந்ததை, இன்றைக்கு மட்டும் போதும் என்று மாற்றினார். இன்னும் கொஞ்சம் வேகம். ஆனாலும் ஒரு டீக்கு நேரம் இருந்தது. பிறகு கோப்புகளில் பாதியை ஒதுக்கிவைத்துவிட்டுத் தட்டினார். சட்டென்று திறந்தது. ஒதுக்கியதில் பாதியைத் திரும்பச் சேர்த்தார். நின்றுவிட்டது. இப்படியே பாதி பாதியாகக் குறைத்து, ஒரே ஒரு கோப்பில் வந்து முடித்தார். அதைப் படித்தவர், தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

எங்கள் விவசாயிகளில் பலர் அஷ்டமி, நவமியில் விதைக்க மாட்டார்கள். அதற்காக ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில், அன்றைய திதியைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்றை எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் முதல் பெயருக்கு, நிலா எங்கே நிற்கிறது என்று அடியிலிருந்து கணக்குப் போடும். அடுத்த பெயர் வந்ததும் அதை மறந்துவிட்டு மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்கும்.

“ஆளுக்கொரு நிலாவாம்மா இருக்கு? ஊருக்கெல்லாம் ஒண்ணுதான? காலைல ஒருவாட்டி கணக்குப் போட்டு வச்சிக்கிட்டா எல்லாருக்கும் ஆச்சு.”

அப்படியே மாற்றினார். தட்டினார். விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. முதலாளி எட்டிப் பார்த்து, “இது நேத்து உள்ளதுல்லா?” என்றார். நம்ப வைக்கவே நாலைந்து தடவை தட்டிக் காட்டவேண்டியிருந்தது.

மறுநாள் தேதியைப் போட்டுத் தட்டியபோது, குளத்தூர் வண்டி காலையில் சும்மா நிற்கப்போவது தெரிந்தது. அதைப் பசுவந்தனைக்குத் திருப்பினோம். வெயில் ஏறுவதற்குள் பேச்சியம்மாக்காவின் காட்டில் விதைத்து முடித்தாயிற்று. ஆப் பேச்சு அதோடு நின்றது. ஒரே ஒரு புகார்தான். முன்பெல்லாம் திரை திறக்கும்வரை அண்ணாச்சி போனை என்னிடமிருந்து வாங்கி ஆடு, மாடு, பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். இப்போது, “அண்ணாச்சி கோவமா இருக்காவளா? பட்டுனு வச்சிட்டாவ” என்று விவசாயிகள் என்னிடம் கேட்டார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே வட்டாரம் முழுக்க விதைத்த அந்த மனிதர், அதில் ஒரு காட்டையும் நேரில் பார்த்ததில்லை. உளுந்து முளைத்ததும் பேச்சியம்மாக்கா கூப்பிட்டார். நானும் அண்ணாச்சியும் பஸ் ஏறிப் போனோம். கறுப்பு மண்ணில் நீள நீளமாகப் பச்சைக் கோடுகள். ஒரு வரிசையில் மட்டும் நடுவே கொஞ்சம் மொட்டையாகக் கிடந்தது.

“இங்கன மட்டும் ஏன் முளைக்கல?” என்றார் அண்ணாச்சி.

“விதை விழாம இருந்திருக்கும். இல்லன்னா மயில் தின்னுருக்கும்” என்றார் பேச்சியம்மாக்கா.

“ரெண்டுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?”

குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்ணை மெல்லக் கிளற ஆரம்பித்தார். தூரத்து ரோட்டில் நாங்கள் திரும்பவேண்டிய பஸ் வந்துகொண்டிருந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவரைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் போய் நானும் குத்தவைத்தேன்.