ஏழு மைல் தாத்தாவின் கேள்வி

சித்தூரில் கலெக்டருக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். போலீசுக்குப் பயப்படாதவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஏழு மைல் தாத்தாவுக்குப் பயப்படாத ஆள் மட்டும் ஒருவர்கூடக் கிடையாது. இத்தனைக்கும் அன்றைய சென்னை ராஜதானி முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவரைப்போல ஒரு நல்ல மனிதர் அகப்பட்டிருக்க மாட்டார். எறும்புப் புற்றைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவர். அப்பேர்ப்பட்டவர் தெருமுனையில் திரும்பினால், வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் அலறியடித்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள்.

அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் ஏழு மைல். அந்த ஏழு மைலிலும் உள்ள ஊர்களுக்கு முப்பது வருஷம் நடந்தே தபால் கொடுத்தவர் என்பதால் இந்தப் பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் எங்கள் சர்ச் ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். நான் புரட்டிப் பார்த்ததில்லை.

அவருக்குக் கூரை ஆகாது. உள்ளே போனால் மூச்சு முட்டுகிறது என்பார். மனைவி காலமாகி வெகுநாள். ஒரே மகன் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை. வீட்டுக்குள் குடியிருந்தவை நாலு சட்டி பானையும் ஒரு பூனையும்தான். தாத்தா வாசலில் வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டு, மழை வந்தால் தலைக்கு மேல் தாழங்குடையைக் கட்டிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் சர்ச்சுக்குள் வரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் நின்றுகொள்வார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். அவர் கூப்பிட்டுப் பார்த்தார்.

“உள்ள வந்து உக்காருங்க பெரியவரே, மழை வரும் போல இருக்குது.”

“வரட்டும் ஐயரே, கர்த்தரு அனுப்பற மழதானே. நீங்க மட்டும் கொஞ்சம் சத்தமா பிரசங்கம் பண்ணுங்கோ.”

ஐயரும் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தார். அதுவரை பிரசங்க நேரத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த அரை சபைக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் கோபம் எங்களுக்குப் பல நாள் தீரவில்லை.

அவர் ஓய்வு பெற்ற தினத்தில் தபாலாபீசில் பிரிவுபசாரம் நடந்ததாம். சர்வீசில் இருந்தபோதே தபால் பையை ஜன்னல் வழியாகத்தான் வாங்கிக்கொள்வார். அன்றைக்கு மட்டும் உள்ளே வருவாரா? போஸ்ட்மாஸ்டர் ஜன்னல் கம்பி வழியாக மாலை போட்டார். மாலை பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளே பாதி, வெளியே பாதி. அந்த நிலையிலேயே போஸ்ட்மாஸ்டர் இங்கிலீஷில் ஒரு பிரசங்கம் செய்தார். தாத்தா அது முடியும்வரைக்கும் எதிர்மரத்தில் கூடு கட்டிக்கொண்டிருந்த மைனாவை ரசித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சாதுவான மனிதருக்கு ஊர் ஏன் நடுங்கியது என்றால், எல்லாம் ஒரு கேள்வியால் வந்த வினை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேர்க்கடலை வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கடிதம் கொண்டுபோயிருக்கிறார். ஓரத்தில் கறுப்பு மை தடவிய கடிதம். அவளுடைய அண்ணன் போய்விட்டான். அவள் அப்போதுதான் கட்டுச்சோற்றை அவிழ்த்திருந்தாள். சோறு எறும்புக்குப் போயிற்று. இரண்டு நாள் அவள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை என்று கேள்விப்பட்டதும் தாத்தாவுக்கு மனசு ஆறவில்லை. இனிமேல் தன் கையால் வெறும் வயிற்றில் யாருக்கும் கறுப்புக் கடிதம் இல்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். இந்தச் சட்டம் தபால் இலாகாவுக்குத் தெரியாது.

மூலையில் மஞ்சள் தடவிய கடிதம் என்றால் வரப்பிலிருந்தே கூவிக்கொண்டு வருவார். கறுப்பு என்றால் சத்தமே இருக்காது. பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, மெதுவாக, “சோறு துன்னியா?” என்பார். தெலுங்குக்காரர்கள் என்றால் “அன்னம் தின்னாவா?” என்பார். ஆயிற்று என்றால் கடிதத்தைக் கொடுப்பார். இல்லையென்றால், “மொதல்ல துன்னு, நான் குந்திக்கினு கீறேன்” என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் போஸ்டல் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து பிடித்துவிட்டார். தாத்தா மடியில் தபால் பை, எதிரே ஒரு குடியானவன் களி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

“என்னய்யா இது, டியூட்டி நேரத்துல மரத்தடியில உக்காந்துகிட்டு?”

“அவன் துன்னுக்கினு கீறான் தொர. முடிச்ச ஒடனே குடுத்துடறேன்.”

“அவன் சாப்பிடறதுக்கும் நீ தபால் குடுக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?”

தாத்தா கடிதத்தின் ஓரத்தை மட்டும் காட்டினார். இன்ஸ்பெக்டர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். குடியானவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ரெண்டு ஆபீசருங்க குந்திக்கினு பாத்தா எனக்கு எப்பிடி எறங்கும்?” என்றான் பாவம்.

மறுநாள் தாத்தாவுக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. அதையும் அவர் சாப்பிட்ட பிறகுதான் பிரித்தார்.

நாளாக ஆக ஏழு மைலுக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. ‘சோறு துன்னியா’ என்று தாத்தா கேட்டால் எங்கோ யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். ஒரு வண்டிக்காரன், “நான் துன்னாதானே குடுப்ப? துன்ன மாட்டேன் போ!” என்று ஒன்றரை நாள் பட்டினி கிடந்தான். அவன் சாப்பிடாத வரைக்கும் அவனுடைய அப்பா சாகவில்லை என்று கணக்கு. தாத்தாவும் அந்த ஒன்றரை நாள் அவன் வீட்டு வாசலிலேயே கிடந்தார். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் தாத்தா எங்கேயாவது பார்த்துக்கொள்வார்.

ஓய்வு பெற்றதும் பை போயிற்று, கால் நிற்கவில்லை. வெறுங்கையோடு தினமும் காணிப்பாக்கம் வரை போய்வந்தார். முப்பது வருஷம் பழகிய முகங்கள். பார்த்ததும் வாஞ்சையாக ஏதாவது கேட்க வேண்டுமே? அவருக்குத் தெரிந்த வாஞ்சை ஒன்றுதான். “சோறு துன்னியா?” என்றார்.

தயிர்க்காரி தலையிலிருந்த பானையைக் கீழே போட்டாள். ஒருவன் கேள்வியைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு, வழியெல்லாம் ஒப்பாரி வைத்தபடி மாமனார் ஊருக்குப் போனான். மாமனார் உட்கார்ந்து க்ஷவரம் செய்துகொண்டிருந்தார். எங்கள் தெருவில் ஒரு கல்யாணப் பந்தலுக்கு வெளியே நின்று, மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஆசையாக அதே கேள்வியைக் கேட்டுவைத்தார். அந்த அம்மாள் போட்ட கூச்சலில் மேளம் நின்றுபோயிற்று. கடைசியில் தெருவே கூடி அவரிடம் கெஞ்சியது.

“ஒனக்குப் புண்ணியமாப் போவும் தாத்தா. அத்த மட்டும் கேக்காத!”

அன்றோடு நிறுத்திவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வாசலிலும் நிற்பார், வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். “இந்த வருசம் புங்கம் நல்லா பூத்துக்கீது” என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அப்போது நான் ஜில்லா கோர்ட்டில் நகல் எழுதுகிற காப்பிஸ்ட். தனிக்கட்டை. எங்கள் வாசல் புங்க மரத்தடியில் ஒருநாள் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்:

“நான் யாரையும் கேக்கக் கூடாது, செரி. என்னை யாராச்சும் கேக்கலாம் இல்ல நைனா? வெறும் சோத்துக்காவ. நானும் துன்னேன்னு சொல்லணும். அவ்ளோதான் ஆச.”

“அதுக்கென்ன தாத்தா” என்றேன். என்றேனே தவிர, கேட்கவில்லை. ஊரில் எனக்கு அப்பாவும் அம்மாவும் சௌக்கியமாக இருந்தார்கள். எதற்கு வம்பு? தெருவிலும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே எல்லாருக்கும் பயம். அதிலும் மகனைச் சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டு இருக்கிற மனிதரிடம் எப்படிக் கேட்பது?

பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. ஜெயமணிக்குச் செங்கல்பட்டுப் பக்கம். எங்கள் ஊர் சமாசாரம் ஒன்றும் தெரியாது. வந்த இரண்டாம் நாள் வாசலில் நின்றாள். தாத்தா வந்தார், வாயைத் திறந்தார், மூடினார், புங்க மரத்தைப் பார்த்தார். இவள் மரியாதை தெரிந்த பெண்ணாயிற்றே, சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

“சாப்ட்டீங்களா தாத்தா?”

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. தாத்தாவின் முகத்தில் ரத்தமில்லை. அப்படியே தரையில் குந்திவிட்டார்.

“யாரும்மா? தங்கவயல்லேந்தா? எம் பையனா?”

முப்பது வருஷம் ஊரைப் பயமுறுத்திய கேள்வி அவரையே அடித்துப் போட்டது. நான் ஓடிப்போய், “ஐயோ தாத்தா, ஒண்ணுமில்ல, அவ வெளியூருப் பொண்ணு, வெறும் சோத்தத்தான் கேக்கறா” என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் நம்பவில்லை.

“வெறும் சோறா?”

“வெறும் சோறுதான் தாத்தா. கத்திரிக்கா கொழம்பு இருக்குது. எடுத்துட்டு வரட்டுமா?” என்றாள் ஜெயமணி, ஒன்றும் புரியாமல்.

அவர் அழுதுகொண்டே சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே வரமாட்டாரே, மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றுமுதல் காணிப்பாக்கம் போய்த் திரும்பும்போது தினமும் எங்கள் வாசலில் நிற்பார். இவள் கேட்பாள். “துன்னேம்மா, நீ துன்னியா?” என்பார். சில நாள் உண்மையிலேயே சாப்பிட்டிருப்பார், சில நாள் மரத்தடியில் தட்டு போடவேண்டியிருக்கும். தெரு முழுவதும் கதவிடுக்கில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டிலும் எழவு விழவில்லை. இருந்தாலும் வேறு யாருக்கும் கேட்கத் துணிச்சல் வரவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு வருஷம் கழித்து என்னைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். சாமான் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் தாத்தா ரொம்ப தூரம் நடந்து வந்தார். நாங்கள் குடிபோன மூன்றாம் மாதம் ஒரு காலை வேளையில் திருப்பதி வீட்டு வாசலில் நின்றார். சித்தூரிலிருந்து நாற்பது மைலுக்கு மேல். இரண்டு நாள் நடை.

“ரெயில்ல வந்திருக்கலாமே தாத்தா?”

“அதுக்கும் கூர கீதே நைனா.”

ஜெயமணி கேட்டாள், அவர் சாப்பிட்டார், ஒரு மணி நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கிளம்பிவிட்டார். அதன் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தார். ஏதோ வேலையாக வந்ததாகச் சொல்லுவார். திருப்பதியில் அவருக்கு என்ன வேலை? இவள் கேட்கிற ஒரு கேள்விதான் வேலை.

கடைசியாக அவர் வந்தபோது ஜெயமணி வீட்டில் இல்லை. தலைப்பிரசவம். ஒன்றரை நாளாக ஆஸ்பத்திரியில் வலியோடு கிடந்தாள். டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் குளித்துவிட்டு ஓடலாம் என்று வந்திருந்தேன். வாசலில் தாத்தா. முழங்கால் வரை செம்மண், உதடு வெடித்திருந்தது.

“பாப்பா எங்க நைனா?” ஜெயமணியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

“ஆஸ்பத்திரியில தாத்தா. நேத்துலேந்து வலி.”

அவர் வாசலிலேயே நின்றார். நான் கேட்டிருக்க வேண்டும். நாற்பது மைல் நடந்து வந்து நிற்கிற கிழவரிடம் சின்னக் குழந்தைகூடக் கேட்கும். உள்ளே பழையதும் ஊறுகாயும் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து நிற்பான் என்று எனக்குப் பட்டது. கோர்ட்டில் வேலை பார்க்கிறவன், நாலு எழுத்துப் படித்தவன், என் புத்தி அப்படித்தான் போயிற்று. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தையே பார்த்தார்.

“நான் துன்னுட்டேன் நைனா” என்றார். “சந்திரகிரில ஒரு அம்மா கூப்ட்டுப் போட்டுச்சி. வயிறு ரொம்பிக் கீது. நீ பயப்படாத, ஓடு. பாப்பாவப் பாரு.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் சௌக்கியம். மறுநாள் தாத்தா வந்துபோனதைச் சொன்னேன்.

“சாப்ட்டாரா?” என்றாள் ஜெயமணி.

“சாப்ட்டேன்னு சொன்னாரு.”

“நீங்க கேட்டீங்களா?”

நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் தாத்தா தன் வேப்ப மரத்தடியிலேயே போய்விட்டார். மகன் தங்கவயலிலிருந்து வந்து எல்லாம் செய்தான் என்று ஐயர் எழுதியிருந்தார். அன்றைக்குத் திரும்பி நடந்த பிறகு தாத்தா எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

இப்போது எனக்கு அவர் வயதாகிவிட்டது. பயந்து பயந்து நான் காப்பாற்ற நினைத்தவர்கள் எல்லாரும், ஜெயமணியும்கூட, அவரவர் நேரத்தில் போய்விட்டார்கள். மத்தியானம் தட்டைக் கையில் எடுத்தால் வாசல் பக்கம் கண் போகிறது. அவர் வந்து நின்றால் நானே முதலில் கேட்பேன். கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் மரத்தடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.