அண்டாவில் பெயர் வெட்டியவருக்கு

உத்தமபாளையம்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் வேல்பாண்டி அவர்களுக்கு, உங்கள் தங்கை மாரீஸ்வரியின் கணவன் சுந்தரலிங்கம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, குழந்தை விஜி மூவரும் சுகம். வருசநாட்டில் நீங்களும் அக்காவும் இலவமரங்களும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கோபமும் நல்ல சுகத்தோடு இருப்பதாக, அண்டாவை இறக்கிவிட்டு வந்த பள்ளி வேன் டிரைவர் ஜேசுராஜ் சொன்னார். செல்லில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், வாட்ஸப்பிலும் என்னை அடைத்துவிட்டீர்கள், ஆகவே தபால்காரரை நம்பி எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

மச்சான், உங்கள் அண்டாவை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. கல்யாணத்துக்கு அண்ணன் செய்த சீரைத் திருப்பி அனுப்பினால் உறவை அறுத்துக்கொள்வதாக அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நடந்ததைக் கேளுங்கள். விஜி படிக்கும் பள்ளிக்கு நதியா என்று ஒரு புதுத் தலைமையாசிரியை சென்னையிலிருந்து வந்திருக்கிறார். தங்கமான மனுஷி, ஆனால் ஒரு நாள் சும்மா இருக்க மாட்டார். 'பல பண்பாட்டுத் திருநாள்' என்று ஒன்றை அறிவித்து, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டுப் பலகாரத்தைத் தங்கள் வீட்டுப் பழைய பாத்திரத்திலேயே கொண்டுவர வேண்டும், பிளாஸ்டிக் டப்பா உள்ளே வரக் கூடாது என்றுவிட்டார். பெற்றோர் சங்கத் துணைத்தலைவன் என்பதால் வாசலில் நின்று டப்பாக்களை மடக்கும் வேலை எனக்கு. திருநாள் என்னவோ அமோகம். மைதீன் ராவுத்தர் வீட்டு நெய்ச்சோறு, தெலுங்கு பேசும் ஜக்கம்மா வீட்டிலிருந்து பணியாரம், கன்னடம் பேசும் வீடுகளிலிருந்து கேப்பைக் களி, உங்கள் அண்டா நிறைய நம் வீட்டுக் கம்பங்கூழ். ஒரே வகுப்பில் இத்தனை பாஷை வீட்டுக்குள் பேசுகிற பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது டீச்சருக்கு அன்றுதான் தெரிந்ததாம். மேடையில் கண் கலங்கி, "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று முடித்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

மறுநாள் காலிப் பாத்திரங்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். எது யாருடையது என்று தெரியவில்லை. டீச்சர் குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் பெயரும் ஊரும் வெட்டியிருக்கிறது. அவருக்கு ஒரே சந்தோஷம், அந்தந்தப் பெயர்க்காரர் வீட்டிலேயே சேர்த்துவிடச் சொல்லி வேனில் ஏற்றிவிட்டார். நம் பக்கத்தில் பாத்திரத்தில் இருப்பது வைத்திருப்பவர் பெயர் அல்ல, விசேஷத்துக்குச் செய்முறையாக அதைக் கொடுத்தவர் பெயர் என்று அவருக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டிய துணைத்தலைவன் மீந்த நெய்ச்சோற்றைத் தின்றுவிட்டு வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே ஊர் இரண்டுபட்டது. அடுத்த தெரு ராக்கையா, தன் பெயர் வெட்டிய நெய்ச்சோற்றுத் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு ராவுத்தர் வாசலில் வந்து நிற்கிறார். "ஏன் ராவுத்தரே, ஒங்க மக நிக்காவுக்கு ஆசையா எடுத்துச் செஞ்சது. இப்ப நாங்க ஆகாதவகளாப் போயிட்டமா?"

"அட நீரு வேற! தேக்சாவக் காணோம்னு காலையில இருந்து நானே தேடிக்கிட்டு இருக்கேன்" என்று ராவுத்தர் கத்துகிறார். ஆனால் அவருக்கும் முகம் சரியில்லை. ஜக்கம்மா வீட்டுக்கு அவர் செய்த தவலை அவர் வாசலிலேயே வந்து இறங்கியிருந்தது. அந்த வேனில் இருந்த ஒரு பாத்திரத்தில்கூட அந்தந்த வீட்டுக்காரர் பெயர் இல்லை மச்சான். எல்லாம் அடுத்த தெருக்காரர், அடுத்த சாதிக்காரர், அடுத்த சாமிக்காரர் பெயர்தான். விஷயம் புரிந்ததும் டீச்சர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். போன இடமெல்லாம் சாப்பிடாமல் விடவில்லை, மறுநாள் அவர் லீவு. உள்ளூர்ப் பாத்திரமெல்லாம் வீடு திரும்பிவிட்டது. உங்கள் அண்டா மட்டும்தான் பாக்கி.

நீங்களோ, "அண்டாவையே அனுப்பிட்டாக, இனி அந்த வாசல்ல எனக்கென்ன சோலி" என்று ஜேசுராஜிடம் சொல்லியிருக்கிறீர்கள். பங்குனி உத்திரத்தன்று விஜிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? ஆசாரி வந்து என் மடியிலா குத்துவார்? ஊர் சிரிக்காதா? எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருக்கிறது மச்சான். உங்கள் தங்கையோ ஒரு பாவமும் அறியாதவள், பச்சை மண். அண்டா போனதிலிருந்து அடுப்படியில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறாள். என்னவென்று கேட்டால், "எங்கண்ணன் வருவாகளா மாட்டாகளா, அதச் சொல்லுங்க" என்பதோடு சரி. அவள் முகத்துக்காகவாவது வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் குலசாமியும் எங்கள் குலசாமியும் ராவுத்தரின் துஆவும் சேர்ந்து உங்கள் கோபத்தைத் தணித்து, உங்களைப் பங்குனிக்குள் பஸ் ஏற்றிவிடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை,
சுந்தரலிங்கம்

பின்குறிப்பு: அண்ணே, மாரீஸ்வரி எழுதுறேன். இவுக கவர் ஒட்டப் பசை தேடிப் போயிருக்காக. ஒங்க அண்டா விசயத்துல டீச்சர் மேல தப்பு இல்ல. வருசநாடு தூரமாச்சேன்னு எனக்குப் போன் போட்டுக் கேட்டாக. "அவுகளுதுதான் டீச்சர், குடுத்து விட்ருங்க"ன்னு நாந்தேன் சொன்னேன். அதுக்கு முன்னாடியே நான் காதுகுத்துக்குக் கூப்பிட்டப்ப, "இலவங்காய் பறிப்பு இருக்கு ஆத்தா, தோட்டை ஆள்கிட்டக் குடுத்து விடுறேன்"னு சொன்னீகள்ல? தோடு நடந்து வந்து பிள்ளைய மடியில வச்சுக்கிருமா? நல்லதுக்குத்தான் வரமாட்டேங்கிறீக, சண்டை போடவாவது வருவீகன்னு பார்த்தேன். அதுக்கும் வரல. அண்டாவ நீகளே வச்சுக்கங்க. உத்திரத்தன்னைக்கு ஆசாரியையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு நானே அங்கன வர்றேன். பறிப்ப நிறுத்த வேண்டாம். மரத்தடியில செத்த நேரம் ஒக்காந்து மடிய மட்டும் குடுங்க.