பனி ஸ்கூட்டருக்குத் துணை தேடிய படலம்

சம்பந்தம் பேச வருகிறவர்கள், சம்பந்தம் பேச வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. இது யாழ்ப்பாணத்தாரிடையே எழுதப்படாத சட்டம். பெண் வீட்டார் வந்து அமர்ந்ததும், "இந்தப் பக்கம் கோயிலுக்கு வந்தனாங்கள், அப்பிடியே உங்களையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு..." என்று தொடங்குவார்கள். கோயிலோ எதிர்த்திசையில் இருக்கும். அதை எவரும் சுட்டிக்காட்டமாட்டார்கள். காரியம் கைகூடாமற் போனாலும் இரு பகுதியாருக்கும் தலைகுனிவு நேராதிருக்கும் பொருட்டு நம்மவர் வகுத்துக்கொண்ட நாகரிகம் அது. சொல்லும் சாட்டு எவ்வளவுக்கு நம்பமுடியாததோ, வருகிறவர்கள் அவ்வளவுக்குக் கண்ணியமானவர்கள்.

இவ்வளவும் அறிந்திருந்த நான், தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், லண்டன் மனோர் பார்க்கிலிருந்து நோர்வே நாட்டின் வடமுனைக்குப் பனி ஸ்கூட்டர் ஓட்டுவதற்காகப் போக எண்ணினேன். இதைவிட நம்பமுடியாத சாட்டொன்றை மனித குலம் இதுகாறும் கண்டுபிடித்ததில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. (தோன்றியிருந்தால் பேசாமல் சவுத்தெண்ட் கடற்கரைக்குப் போயிருப்பேன்.)

இவ்வெண்ணம் எழுந்ததற்குக் காரணம் ரொறொன்ரோவில் வாழும் என் சகலன். அவர் அனுப்பிய புகைப்படத்தில், முன்னே இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்னே ஒரு சுழல்பட்டியும் கொண்ட மோட்டார் வண்டியின்மீது, வெண்பனிக்கு நடுவே, ஒரு சிற்றரசனைப்போல் அமர்ந்திருந்தார். என் மனைவி பாக்கியம் அப்படத்தைச் சட்டமிட்டு முன்னறையில் மாட்டினாள். அயலூரான ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் ஷிப்டு முடித்து வீடு திரும்பும் ஒருவனை, நாள்தோறும் அவனுடைய சகலன் பனிமலைமேல் இருந்து வரவேற்பது எத்தகைய வேதனை என்பதை அனுபவித்தவரே அறிவர்.

நான் முறைப்படி ஆயத்தம் செய்தேன். நூல்நிலையத்தில் எடுத்த ஒரு பயண நூல், அவ்விடத்து வழி தெரிந்த ஓட்டுநர்களின் துணையின்றி எவரும் பனிவெளியில் இறங்கலாகாது என்று தெளிவாக எச்சரித்தது. ஆகவே துணை தேடவேண்டும். நோர்வேயின் வடமுனையில் மீன் தொழிற்சாலைகளில் நம்மவர்கள் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பெற்றோல் அடிக்க வந்த ஒருவர், அங்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில் வசித்த செல்லத்துரை என்பவருடைய தொலைபேசி எண்ணைத் தந்தார். அவர் அவ்வூர்த் தமிழருக்கெல்லாம் மூத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன்.

"அண்ணை, லண்டனிலை இருந்து கதைக்கிறன். மாசி மாசம் உங்கடை ஊருக்கு வர யோசிக்கிறம். பனி ஸ்கூட்டர் ஓட."

மறுமுனையில் வானொலியின் சத்தம் குறைக்கப்பட்டது.

"என்ன ஓட?"

"பனி ஸ்கூட்டர்."

"ஆ... விளங்குது தம்பி, விளங்குது." குரலில் திடீரென ஒரு கனிவு வந்து சேர்ந்தது. "ஆர் ஆர் வாறியள்?"

"நான், மனுசி, மனுசியின்ரை தங்கச்சி."

"தங்கச்சி இன்னும் கலியாணம் கட்டேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"ஓம் ஓம். ஸ்கூட்டர் ஓடத்தானே! வாங்கோ, வாங்கோ."

அடுத்து, கூட வரக்கூடிய பொறுப்பான ஓட்டுநர் எவரேனும் உண்டா என்று கேட்டேன். குலம் என்று ஒருவர் இருக்கிறார், சொந்தமாக ஸ்கூட்டர் வைத்திருக்கிறார், தங்கமான பெடியன் என்றார். முன்பின் அறியாத ஒருவரை நம்பி உறைந்த வெளியில் உயிரை ஒப்படைக்கப் போகிறவன் எதையெதை விசாரிக்கவேண்டுமோ, அதையெல்லாம் நான் விசாரித்தேன். குடிப்பாரா? கண்பார்வை நல்லதா? முன்கோபம் உண்டா? (கற்றுக்கொள்பவனுக்குப் பொறுமையான துணை வேண்டுமல்லவா?) வேலை நிரந்தரமா? நினைத்தபோது லீவு எடுக்க ஏலுமா?

"குடி, சிகரெட் ஒண்டும் இல்லைத் தம்பி. இரண்டு தங்கச்சிமாரையும் கரைசேத்திட்டார். இனி ஒரு பொறுப்பும் இல்லை."

தங்கைமாரைக் கரைசேர்த்ததற்கும் பனி ஸ்கூட்டருக்கும் உள்ள தொடர்பு எனக்கு உடனே புலப்படவில்லை. எனினும் அது நற்குணத்துக்குச் சான்று என்று கொண்டு, "அப்பிடியான ஆளைத்தான் அண்ணை நாங்கள் தேடுறம்" என்றேன்.

"இவ்வளவு விபரமாய் ஒருத்தரும் கேட்டதில்லை" என்று அவர் தழுதழுத்தார். "நல்ல குடும்பம் எண்டு கதையிலையே தெரியுது."

வண்டி ஓட்டத் தெரிந்தவளும் நன்றாகப் படம் பிடிப்பவளுமான என் மைத்துனி வசந்தி அப்போது எங்களோடு இருந்தாள். ஒரு பல்வைத்தியரிடம் வரவேற்பாளராக வேலை. பயணத் திட்டத்தை நான் விளக்கியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அத்தான், மற்ற ஆக்கள் ஸ்பெயினுக்குப் போயினம். நாங்கள் ஏன் ஃபிரிஜ்ஜுக்குள்ளை போறம்?"

எனினும் வந்தாள். வந்ததற்கு நான் இன்றுவரை நன்றியுடையவன்.

விமானம் மாறி விமானம் ஏறி, ஈற்றில் ஒரு வேன் அளவேயான விமானத்தில் அக்கிராமத்தை அடைந்தோம். அவ்வூர்த் தமிழர் அனைவரும் விமானத் திடலில் திரண்டிருந்தனர். எல்லோரும் தடித்த அங்கிகளுக்குள் பொதிந்திருக்க, ஒருவர் மட்டும் கோட்டு சூட்டு, கழுத்துப்பட்டியோடு, மேலங்கியின்றி நடுங்கிக்கொண்டு நின்றார். அவரே குலம். முப்பத்தைந்தைத் தாண்டியவர், உயரமானவர், கூச்சத்தினாலோ குளிரினாலோ சிவந்த முகம். ஸ்கூட்டர் ஓட்டும் உடை இதுதான் போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

செல்லத்துரை அண்ணையின் வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். மாவிலைக்குப் பதிலாக ஏதோ ஓர் ஊசியிலைக் கொப்பு. குடத்து நீர் உறைந்து, தேங்காயைப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே சந்தனம், குங்குமம், பயற்றம் பணியாரம், முறுக்கு. லண்டனிலிருந்து வரும் ஒருவனுக்கு இவ்வளவு மதிப்பா என்று என் நெஞ்சு விம்மியது. நன்றி கூறுவதற்கு எழுந்தேன்.

"குலம் தம்பியைப் போனிலை விசாரிச்ச நேரமே எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு" என்றேன். "நேரிலை பாத்தாப்போலை இன்னும் பிடிச்சுப்போச்சு."

ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தார். குலம் தரையைப் பார்த்தார். செல்லத்துரை அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப பொம்பிளையும் மாப்பிள்ளையும் தனிய இரண்டு வார்த்தை கதைக்கட்டுமே" என்றார்.

எந்தப் பொம்பிளை என்று கேட்பதற்கு வாயைத் திறந்தேன். பாக்கியம் என் முழங்கையைப் பிடித்து, தண்ணீர் குடிக்க அழைத்துப்போவதுபோல், சமையலறைக்குள் இழுத்துப்போனாள். பின்னாலேயே வசந்தியும் வந்து கதவைச் சாத்தினாள்.

"இஞ்சாருங்கோ, போனிலை என்ன கேட்டுத் துலைச்சனீங்கள்?"

ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல, என் வினாக்கள் ஒவ்வொன்றும் வேட்டி சால்வையோடு என் முன்னே வந்து நின்றன. பாக்கியம் சுவரில் சாய்ந்தாள்.

"இவ்வளவும் கேட்ட நீங்கள் சாதகத்தையும் கேட்டிருக்கலாமே அத்தான்?" என்றாள் வசந்தி.

"பிறந்த திகதி கேட்டனான்."

"ஏன்?"

"இன்சூரன்சுக்கு."

இருவரும் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கு விவரிக்கப்போவதில்லை.

நான் உடனே வெளியே சென்று உண்மையை உரைப்பதற்கு ஆயத்தமானேன். பாக்கியம் தடுத்தாள். சற்று முன்பு அவ்வீட்டுப் பெண்கள் அவளுடைய காதில் போட்டிருந்த செய்தியை அவள் சொன்னபோதுதான் என் முட்டாள்தனத்தின் முழு எடையும் எனக்குத் தெரிந்தது. முன்னரும் இரண்டு குடும்பத்தார் குலத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். வந்து, பகலிலும் விடியாத மாரிகால இருட்டையும் மீன் மணத்தையும் கண்டு, "அறிவிக்கிறம்" என்று சொல்லிப் போனவர்கள் அறிவிக்கவேயில்லை. தங்கைமாருக்காக இளமையைச் செலவிட்ட மனிதர், இம்முறை நம்பிக்கையோடு அறைக்குப் புதுப் பூச்சுப் பூசியிருக்கிறார். தொழிற்சாலையில் வெள்ளைக்காரருக்கும் சொல்லியாயிற்று.

"ஒரேயொரு றோட்டு இருக்கிற ஊர்" என்றாள் பாக்கியம். "நாங்களும் வேண்டாமெண்டு போனால், அந்தாள் என்னெண்டு அந்த றோட்டிலை நடக்கிறது?"

வசந்தி பணியாரத் தட்டத்தைக் கையில் எடுத்தாள்.

"நாளைக்கு ஸ்கூட்டரிலை போகேக்கை நான் அவரோடை கதைக்கிறன். நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ, அத்தான். தயவுசெய்து ஒண்டும் கதையாதேங்கோ."

மறுநாள் காலை, ஊர்த் தமிழரெல்லாம் ஒரு சரிவின் ஓரத்தில் கூடினர். குலத்தின் ஸ்கூட்டரில் வசந்தி பின்னால் ஏறிக்கொள்ள, இருவரும் பனிவெளியில் வெகுதூரம் சென்று நிறுத்திப் பேசிக்கொண்டிருப்பது புள்ளிகளாகத் தெரிந்தது. எனக்கு ஓர் இரவல் ஸ்கூட்டர் தரப்பட்டது. ஓட்டும் விதத்தைச் செல்லத்துரை அண்ணை சொல்லித்தர முன்வந்தார்.

"நான் யாழ்ப்பாணத்திலை மோட்டார் சைக்கிள் ஓடின ஆள், அண்ணை" என்று தடுத்துவிட்டேன்.

மோட்டார் சைக்கிளில் வேகம் கைப்பிடியை முறுக்குவதில் இருக்கிறது. இங்கோ பெருவிரலால் அழுத்தும் ஒரு சிறு நெம்புகோலில் இருக்கிறது. நான் முறுக்கினேன், வண்டி அசையவில்லை. இன்னும் பலமாக முறுக்கினேன். பெருவிரல் தானாக நெம்புகோலின்மேல் விழுந்தது. அஞ்சி இறுகப் பிடித்தேன். இறுகப் பிடிக்கப் பிடிக்க வேகம் கூடியது. ஓடுகின்ற மாட்டை நிறுத்தும் ஒலி என் வாயிலிருந்து வெளிப்பட்டதாகப் பின்னர் சொன்னார்கள்.

சரிவின் அடியில், மீன் காயவிடும் மரப்பரண்கள் வரிசையாக நின்றன. வாலில் கட்டித் தொங்கவிடப்பட்ட பெருமீன்கள், குளிரில் விறகாய் விறைத்திருந்தன. நான் அவற்றினூடே புகுந்தேன். ஒவ்வொரு மீனும் என்னைத் தனித்தனியே கண்டித்தது. மறுபுறம் வெளிவந்தபோது வண்டி ஒரு பனிக்குவியலில் செருகி நிற்க, நான் அதைத் தாண்டிச் சென்று, குரங்குத் தொப்பி முதலாக இடுப்புவரை பனியில் புதைந்து, கால்கள் மேலே தெரிய நின்றேன். கழுத்துச் சால்வையில் ஒரு மீன் மாட்டியிருந்தது. (படம் பிடிக்கவேண்டிய வசந்தி, குலத்தின் ஸ்கூட்டரில் விரைந்து திரும்பியதில் கமெராவை மறந்துபோனாள். இறைவன் கருணையுடையவன்.)

என்னை இழுத்தெடுத்தவர் குலம். பனியைத் தட்டிவிட்டார், மீனைக் கழற்றினார், கை கால் எல்லாம் ஆடுகிறதா என்று பார்த்தார். பின்னர் வசந்தியை ஒரு கணம் நோக்கினார். அவள் மிக இலேசாகத் தலையசைத்தாள். குலம் நிமிர்ந்து, ஊர் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"செல்லத்துரை அண்ணை, குறை நினையாதேங்கோ. பொம்பிளை தங்கமான பிள்ளை. ஆனா இந்த அத்தானோடை ஆயுள் முழுக்கக் காலந்தள்ள என்னாலை ஏலாது. எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

ஊர் திகைத்தது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு, ஒருவர் விடாமல், தலையை ஆட்டியது. அந்த ஊரில் அத்தகைய ஒருமித்த தீர்மானம் அதற்குமுன் நிறைவேறியிருக்காது. வசந்தி முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. பாவம், அழுகிறாள் என்று பெண்கள் அணைத்துக்கொண்டனர். (அழவில்லை.)

என் மானம் கொதித்தது. என்னில் குறையில்லை, வண்டிதான் பழுது என்று முழங்க வாயெடுத்தேன். அப்போது குலத்தின் முகம் கண்ணில் பட்டது. நேற்று விமானத் திடலில் நடுங்கிக்கொண்டு நின்ற மனிதரா இவர்? தோள்கள் அகன்றிருந்தன. கேட்பாருக்காகக் காத்திருந்த முகம் போய், முடிவு சொன்ன முகம் வந்திருந்தது. நான் வாயை மூடினேன். மூடியது மட்டுமன்றி, என் வாழ்நாளில் ஒரேயொரு முறையாக நடிக்கவும் செய்தேன். இமைகளைப் படபடவென்று அடித்து, "மீன்கள் என்னோடை கதைச்சது அண்ணை" என்றேன்.

செல்லத்துரை அண்ணை என் தோளைத் தடவினார். "லண்டனிலை நல்ல டொக்டர்மார் இருக்கினம் தம்பி. கவலைப்படாதேங்கோ."

திரும்பும்போது என் பெட்டியைக் குலமே தூக்கிவந்தார். விமானத்தடியில் தணிந்த குரலில் சொன்னார்:

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. இரண்டு தரம் ஆக்கள் என்னை வேண்டாமெண்டவை. ஒருக்கா நானும் சொல்லிப் பாக்கோணும்போலை கிடந்தது. உங்கடை மச்சாள்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னவ."

அவருடைய கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டேன்.

லண்டன் பெண்ணையே வேண்டாமென்றவர் என்ற புகழ் குலத்துக்கு ஒரு தகைமையாயிற்று. அடுத்த ஆண்டே டென்மார்க்கிலிருந்து பெண் வீட்டார் சென்றார்கள், கலியாணமும் நடந்தது. எங்கள் செய்தியோ எங்கள் விமானத்துக்கு முன்னரே லண்டனை அடைந்துவிட்டது. கோயிலில் பாக்கியத்தைத் தனியே அழைத்து, "இப்ப அவருக்கு எப்பிடி?" என்று கேட்டவர்கள் பலர்.

பின்னர் தென்லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து வசந்திக்குச் சம்பந்தம் வந்தபோது, மாப்பிள்ளையின் தாயார் அவளிடம், அத்தானுக்கு இருப்பது பரம்பரை நோயா என்று மெல்லக் கேட்டாராம்.

"அத்தான் எங்களுக்கு இரத்த உறவில்லை, மாமி" என்றாள் வசந்தி. அன்றே காரியம் ஒப்பேறியது.

எங்கள் மகள் நோர்வேப் பயணத்துக்குப் பின் பிறந்தவள். அவளுக்கு அண்மையில் சம்பந்தம் பேசியபோது அதே வினா எழுந்தது. அவளால் அந்த விடையைச் சொல்ல இயலவில்லை. "ஓம், அப்பாவுக்கு அது இருக்குத்தான்" என்று ஒப்புக்கொண்டு, "ஆனா ஸ்னோ கொட்டினால் மட்டும்தான் வரும்" என்று தேற்றியிருக்கிறாள். மருமகன் நல்ல பிள்ளை. அதை அப்படியே நம்பிவிட்டார்.

இப்பொழுது லண்டனில் நாலு பனித்துகள் பறந்தாலே தொலைபேசி ஒலிக்கிறது.

"மாமா, எங்கை நிக்கிறியள்?"

"வீட்டிலைதான் தம்பி."

"ஜன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டு இருங்கோ. ரீ குடியுங்கோ. நான் வாறன்."

நான் கண்ணியத்தோடு, "சரி தம்பி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். கார்ச் சாவியை அதற்குள் பாக்கியம் எடுத்து ஒளித்திருப்பாள்.