ரஜாய் காயும் ஏரியல்

துவாரகா, தில்லி
ஞாயிறு மாலை

பாசமுள்ள மதினிக்கு, சண்முகவடிவு எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். பனிமூட்டத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாததால் சண்டையும் குறைவு. அங்கே நீங்களும் அண்ணனும் அவர் முழங்காலும் நலமா?

"அந்த ரேடியோக் கிறுக்கு தீந்துச்சா?" என்று கேட்டீர்களே, போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். தீரவில்லை மதினி. பரீட்சை எழுதி, அரசாங்க உரிமமே வாங்கிவிட்டேன். வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசலாம். அதற்கு மொட்டை மாடியில் ஓர் ஏரியல் மட்டும் வேண்டும். எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி விதிப்படி மாடியில் தண்ணீர் டாங்க், டிஷ், துணிக்கொடி தவிர எதுவும் கூடாது. செக்ரட்டரி பசின் ஜியிடம் கேட்டேன். "மேடம் ஜி, ஆஜ் ஏரியல், கல் பேன்ஸ்?" என்றார். இன்றைக்கு ஏரியல் என்றால் நாளைக்கு எருமை கட்டுவீர்களா என்று அர்த்தம். நானும் விதியை மதித்துத் துணிக்கொடியே கட்டினேன். இரண்டு மூங்கில், நடுவே உறை போட்ட செம்புக் கம்பி, அதிலிருந்து எங்கள் ஜன்னலுக்கு ஒரு கேபிள், பார்வைக்கு நாலு கிளிப். அன்று மாலையே போர்ட் பிளேரிலிருந்து ஒருவர், "உங்க குரல் நல்லா, தெளிவா கேக்குது" என்றார். மதினி, கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

கொடி என்றால் துணி வரும் என்பதை யோசிக்காமல் விட்டேன். மறுநாள் வெயில் எட்டிப் பார்த்ததும் பசின் ஜியின் மனைவி தன் கல்யாண ரஜாயைக் கொண்டுவந்து போட்டார். ரஜாய் என்றால் நம் ஊர்ப் போர்வை இல்லை, மெத்தைக்கு அண்ணன். மூங்கில் சாய்ந்து, கேபிள் இழுபட்டு, மேஜையிலிருந்த என் ரேடியோப் பெட்டி தானே நடந்து ஜன்னலுக்குப் போய்விட்டது. கேபிள் போன வழியே பசின் ஜி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். "கொடிக்கு எதுக்கு மேடம் வால்?" ஞாயிறு பொதுக்கூட்டத்தில் விசாரணை என்று நோட்டீஸ். இவுக, "பேசாம கழத்திரு வடிவு, அந்தாளோட யாரு மல்லுக்கட்ட?" என்றார்கள். நான் கழற்றவில்லை.

இன்று கூட்டம். என் ஏரியலால் சுகர் ஏறிவிட்டது என்றார் ஒருவர். லிஃப்ட் நிற்பதும் அதனால்தான் என்றார் பசின் ஜி. எழுந்தேன் மதினி. புயலில் போனெல்லாம் செத்தாலும் இது பேசும் என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். "ரஜாய் விழுந்ததிலிருந்து கம்பி தரையில்தான் கிடக்கு. அப்போ நேத்து நின்ன லிஃப்டை யாரு நிறுத்துனா?" கூட்டம் சிரித்தது. உடனே பசின் ஜியின் மனைவி புருஷனைப் பார்த்து, "சுனியே ஜி, கேளுங்க, மூங்கில்தான் சாஞ்சது, கம்பி அறுந்துச்சா? என் ரஜாயைத் தாங்குற கம்பி இந்த மாடியில வேற எது? அதைக் கழட்டினா நீங்களே பிடிச்சிட்டு நில்லுங்க!" என்றார். பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஏரியல் இருக்கும், மூங்கிலுக்குப் பதில் சொசைட்டியே இரும்புக் குழாய் நட்டுத் தரும், துணி காயும்வரை ரேடியோவுக்கு ஓய்வு. இவுக கூட கை தட்டினார்கள், நான் பார்த்தேன். உங்கள் நாத்தனார் லேசுப்பட்டவள் இல்லை என்று தெருவெல்லாம் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு வணக்கம், முழங்காலுக்கு என் அனுதாபம், பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
வடிவு

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஒரு சேதி. பசின் ஜி கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்ய, என்னையே செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள். முதல் மனு மூன்றாம் மாடி ப்ரீதாவுடையது. என் பேச்சைக் கேட்டு அவளும் உரிமம் வாங்கப் போகிறாளாம், ஏரியல் கட்ட இடம் வேண்டுமாம். என் கம்பிக்குப் பக்கத்திலேயா? கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சொசைட்டி என்றால் விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா, மதினி?